காயமும் பொறுமையும்
(நமது சங்கத்து வாலிபர் பகுதியின் வருஷாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்யாசம்)



இவ்வருஷத்து விளையாட்டுப் பந்தயங்கள் இனிது முடிந்து, பரிசளிப்பு நடைபெறவிருக்கும் இவ்வேளையில் நான்கு வார்த்தை பேசுமாறு காரியதரிசி அவர்கள் என்னைப் பணித்தார்கள். கல்வியைக் குறித்தும் ஒற்றுமையைக் குறித்தும் பேச வல்லார் இச்சபையில் பலர் உளர். அடியேன் இருபத்தைந்து வருஷ காலம் நம் வாலிபர்களுக்குக் கூடைப்பந்து பழக்கியவன். அவ்வொன்றைத் தவிர வேறு பாண்டித்தியம் எனக்கில்லை. ஆதலின், அவ்விளையாட்டில் பெரும் புகழெய்தி, அப்புகழின் உச்சியிலேயே காயத்தால் வீழ்ந்து, பல வருஷம் துன்புற்று, மீண்டும் எழுந்த ஓர் அமெரிக்க வீரரின் சரித்திரத்தை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். இன்று இச்சரித்திரத்தை நான் எடுத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. அதனை முடிவில் சொல்லுகிறேன்.

விளையாட்டின் வரலாற்றைப் பற்றி முதலில் சிறிது கூறுதல் நலம். கூடைப்பந்து 1891-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில், அமெரிக்காவிலுள்ள ஸ்பிரிங்பீல்டு நகரில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் உடற்பயிற்சி ஆசிரியரால் உண்டாக்கப்பட்டது. குளிர்காலத்தில் வெளியே ஆடவியலாத மாணாக்கர்க்கென, பழக்கூடைகள் இரண்டை உயரத்தில் மாட்டி, அவற்றுள் பந்தை எறியும்படி அவர் அமைத்தார். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடலாகாது, ஒருவர் மேல் ஒருவர் மோதலாகாது என்று அவர் விதித்த விதிகளின் நோக்கம், ஆடுவோர்க்கு ஊறு நேராதிருத்தல் வேண்டுமென்பதே. அந்த ஸ்பிரிங்பீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் என்பவர் 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியை நிறுவினார். அங்கே பயின்ற ஆசிரியர்கள் வாயிலாக இவ்விளையாட்டு நம் பள்ளிக்கூடங்கள் பலவற்றில் வேரூன்றியது.

ஊறு நேராதிருக்கவென்று அமைத்த விளையாட்டிலும் ஊறு நேரவே செய்கிறது. இதில் ஓட்டத்தைக் காட்டிலும் குதித்தலும், திடீரென்று நிற்றலும், திரும்புதலும் மிகுதி. உயர எழும்பியவன் கீழே வரும்போது, அவன் உடலின் நிறையைப்போல் பன்மடங்கு பாரம் கணுக்காலிலும் முழங்காலிலும் வந்து தாக்குகிறது. அவ்வேளையில் கால் சற்றே மடிந்தாலும், மற்றொருவன் பாதத்தின் மேல் இறங்கினாலும், நரம்போ எலும்போ பழுதுபடும். ஒரு பருவத்தில் எண்பத்திரண்டு ஆட்டங்கள் ஆடும் தொழில்முறை வீரர்களுக்கு இவ்வபாயம் எத்தன்மைத்து என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இனி நான் சொல்ல வந்த வீரர் கிராண்ட் ஹில் என்பவர். 1972-ஆம் வருஷம் அக்டோபர் 5-ஆம் தேதி டல்லஸ் நகரில் பிறந்தவர். தந்தையார் கால்வின் ஹில், அமெரிக்கக் கால்பந்தாட்டத்தில் நாடறிந்த வீரர். தாயார் ஜானட் ஹில் உயர்கல்வி பெற்றவர். பிள்ளையைக் கண்டிப்புடன் வளர்த்தவர். தந்தையின் புகழைத் தன் தோளில் ஏற்றிக்கொள்ளுதல் இச்சிறுவருக்கு உவப்பாயிருக்கவில்லை. ஒருமுறை தந்தையார் இவர் பயிலும் பள்ளிக்கே வந்து பேசியபோது, தோழர்கள் தம்மை வேறாகக் கருதுவரென்று கூசி, உடல்நலமில்லையெனச் சொல்லி ஒதுங்கிவிட்டாராம். பெரியவர் பெயரைச் சொல்லிக்கொண்டு முன்வரிசையில் அமர ஆசைப்படும் நம் பிள்ளைகள் இதனை மனத்திற்கொள்வார்களாக.

1990-இல் டியூக் சர்வகலாசாலையில் சேர்ந்து, நான்கு வருஷமும் இருந்து, சரித்திரப் பாடத்தில் பட்டம் பெற்றே வெளிவந்தார். 1991-இலும் 1992-இலும் அச்சர்வகலாசாலை அகில அமெரிக்கக் கல்லூரிப் போட்டியில் முதன்மை பெற்றது. 1992 மார்ச்சு 28-ஆம் தேதி கெண்டக்கி அணியோடு நடந்த ஆட்டம் இன்றளவும் பேசப்படுவது. ஆட்டம் முடிய 2.1 விநாடியே எஞ்சியிருந்தது. டியூக் அணி ஒரு புள்ளி பின்தங்கியிருந்தது. ஹில், ஆடுகளத்தின் ஒரு கோடியில் நின்று மறுகோடிக்குப் பந்தை எறிந்தார். கிறிஸ்டியன் லெயிட்னர் அதனைப் பற்றித் திரும்பிக் கூடையிலிட்டார். 104-க்கு 103 என்று வெற்றி கிட்டியது. லெயிட்னர் இட்ட பந்தை உலகம் கொண்டாடியது. அப்பந்தை அவர் கைக்குச் சேர்த்த எறிவு ஹில்லினுடையது. பிறன் வெற்றிக்குத் துணைநிற்பதில் இவருக்கு இளமையிலேயே பழக்கம் ஏற்பட்டிருந்ததென்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிற்காலத்தில் இவரைக் காத்தது அக்குணமே.

1994-ஆம் வருஷம் என்.பி.ஏ. என்னும் தொழில்முறைக் கூடைப்பந்துச் சங்கத்தில், டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் அணி இவரை மூன்றாமவராகத் தேர்ந்தெடுத்தது. முதலாண்டிலேயே, நட்சத்திர ஆட்டத்திற்கு ரசிகர்கள் அளித்த வாக்குகளில் முதலிடம் பெற்றார். புதிதாய் வந்த வீரர் ஒருவர் அவ்வாறு முதலிடம் பெற்றது என்.பி.ஏ. சரித்திரத்தில் அதுவே முதல் முறை. அவ்வாண்டின் சிறந்த புதுவீரர் என்னும் விருதினை ஜேசன் கிட் என்பவரோடு பகிர்ந்துகொண்டார். 1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் தங்கப் பதக்கம் பெற்ற அணியில் இடம்பெற்றார். டெட்ராய்ட்டில் ஆறு வருஷம், 435 ஆட்டங்கள், 9,393 புள்ளிகள். அவ்வாறு வருஷத்தின் கடைசிப் பருவத்தில் ஆட்டத்திற்குச் சராசரி 25.8 புள்ளிகள். அப்போது வயது இருபத்தேழு. இனி வரும் பத்து வருஷம் இவருடையதே என்று உலகம் நம்பியது.

நிற்க. 2000-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில், பருவம் முடியும் தறுவாயில், இவருடைய இடது கணுக்கால் காயமுற்றது. அடுத்து மயாமி அணியோடு இறுதிச் சுற்றின் முதற்கட்ட ஆட்டங்கள். அணியின் பெருந்தூண் இவரே. நொந்த காலோடு இவர் களமிறங்கினார். இரண்டாம் ஆட்டத்தின் நடுவில் கால் முற்றும் இடங்கொடாமல் வெளியேறினார். கணுக்கால் எலும்பு முறிந்திருந்ததெனப் பின்னர் அறியப்பட்டு அறுவை நடந்தது. அவ்வருஷத்துச் சிட்னி ஒலிம்பிக்குக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தும் அணியினின்று விலக நேர்ந்தது.

நொந்த காலோடு ஒருவர் ஏன் ஆடுகிறார்? சகோதரர்களே, இக்கேள்விக்கு விடை காண நாம் அமெரிக்கா செல்ல வேண்டுவதில்லை. ஆடாது அமர்ந்தால் அவன் உறுதியற்றவன், வலிக்கு அஞ்சுபவன் என்னும் பேச்சு எல்லா ஆடுகளங்களிலும் உண்டு. தோழர்கள் தன்னை நம்பி நிற்கையில் தான் அமர்ந்திருப்பது துரோகமென்று நல்ல பிள்ளையின் மனமே அவனைக் குத்தும். மானமுள்ளவனையே இவ்வலை சிக்கவைக்கும். மானமற்றவன் சிறு வலிக்கே அமர்ந்துவிடுவான், அவன் கால் பிழைக்கும்.

அவ்வருஷமே ஹில் ஆர்லண்டோ மேஜிக் அணிக்குச் சென்றார். ஏழு வருஷத்திற்கு 9 கோடி டாலருக்கு மேற்பட்ட ஊதியம் ஒப்பந்தமாயிற்று. அவ்வணி கொண்ட நம்பிக்கை அத்தகையது. நடந்தது யாதெனில், முதற்பருவத்தில் 4 ஆட்டங்கள், இரண்டாவதில் 14, மூன்றாவதில் 29, நான்காவதில் ஒன்றுமில்லை. நான்கு பருவங்களில் அணி ஆடியவை 328. இவர் ஆடியவை 47. திரும்பி வருவார், சில ஆட்டங்கள் ஆடுவார், கால் மறுபடி நோவும், மறுபடி அறுவை. எலும்பு கூடுவதற்குத் தனக்கென ஒரு காலம் உண்டு. அது பருவத்தின் தொடக்க நாளையும் அறியாது, சீட்டு வாங்கிய ரசிகரின் ஆவலையும் அறியாது. ஆடாதவருக்கு இத்தனை பொருளா என்று ஊரார் முணுமுணுக்கும் நிலையில், அரங்கின் ஓரத்தில் உடுத்திய சட்டையோடு அமர்ந்து பிறர் ஆடுவதைப் பார்த்திருத்தல் எத்துணைக் கொடிதென்பதை, ஒருமுறையேனும் அவ்வாறு அமர்ந்தவரே அறிவர்.

2003-ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில் பெரிய அறுவையொன்று நடந்தது. வைத்தியர்கள் கணுக்கால் எலும்பை வேண்டுமென்றே மறுபடி உடைத்து, காலின் எலும்போடு நேர்படச் சேர்த்தனர். ஐந்து நாட்கள் கழிந்தன. திடீரென்று ஜுரம் 104 டிகிரிக்கு மேல் ஏறி, வலிப்புக் கண்டது. ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் சென்று சோதிக்கையில், எம்.ஆர்.எஸ்.ஏ. என்னும் கிருமி அறுவைப் புண்ணில் புகுந்திருந்தது தெரியவந்தது. இது சாதாரண மருந்துகளுக்கு அடங்காது, இரத்தத்தில் கலந்தால் உயிரையே போக்க வல்லது. கையினின்று தோலை எடுத்துக் காலின் புண்ணில் ஒட்டினர். ஆறு மாத காலம் நரம்பு வழியாக மருந்து செலுத்த வேண்டியிருந்தது. இனி ஆடுவாரா என்பதை விட்டு, உயிர் பிழைப்பாரா என்று கேட்கும் நிலைக்கு வந்துவிட்டது, நொந்த ஒரு கணுக்கால். அதே வருஷத்தில் இவருடைய மனைவியாரும் பாடகியுமான டாமியாவுக்கு, நரம்பு மண்டலத்தைத் தாக்கும் மல்ட்டிப்பிள் ஸ்கிளிரோஸிஸ் என்னும் நோய் உண்டென வைத்தியர் கண்டனர். வீட்டில் அப்போது ஒரு வயதுப் பெண்குழந்தை.

இவ்விருளில் இவரைத் தாங்கியவை யாவை? குடும்பம் ஒன்று. கல்வி மற்றொன்று. கறுப்பின ஓவியர், சிற்பியர் ஆக்கங்களைத் தந்தையாரிடமிருந்து பெற்ற ஆர்வத்தால் இவர் சேகரித்து வந்தார். ஆட இயலாத அக்காலத்தில் அச்சேகரம் அமெரிக்காவின் காட்சிசாலைகள் பலவற்றில் ஊர்தோறும் வைக்கப்பட்டது. பந்து ஒன்றையே வாழ்வெனக் கொண்டவனுக்குப் பந்து போனபின் மிஞ்சுவது ஒன்றுமில்லை. நம் சங்கம் விளையாட்டுப் பரிசோடு கல்வி நிதியையும் பேணுவது எத்துணைப் பொருத்தமென்பதற்கு இதைக் காட்டிலும் சான்று வேண்டுவதில்லை.

ஒரு பருவம் முழுவதையும் ஓய்வுக்கே விட்டார். இம்முறை அவசரமில்லை. 2004-ஆம் வருஷக் கடைசியில், வயது முப்பத்திரண்டில், களத்திற்குத் திரும்பினார். அப்பருவத்தில் 67 ஆட்டங்கள் ஆடினார், சராசரி 19.7 புள்ளிகள். 2005-இன் நட்சத்திர ஆட்டத்திற்கு ரசிகர்கள் மீண்டும் இவரைத் தேர்ந்தெடுத்தனர். அதன்பின் துன்பம் தீர்ந்ததோவென்றால், இல்லை. அடுத்த பருவத்தில் அடிவயிற்றுத் தசைக் காயத்தால் 21 ஆட்டங்களே ஆட முடிந்தது. துன்பம் ஒருமுறை வென்றவனை மறுமுறை விட்டுவிடும் என்பது கதைகளில் மட்டுமே.

என் மனத்தை மிகவும் கவர்ந்த பகுதி இனி வருவது. 2007-இல், முப்பத்துநான்கு வயதில், பீனிக்ஸ் சன்ஸ் அணியில் சேர்ந்தார். பழைய வேகமில்லை, பழைய எழுச்சியுமில்லை. அங்கே தலைமை ஆட்டக்காரர் ஸ்டீவ் நாஷ். ஒருகாலத்தில் ஓர் அணியையே தோளில் சுமந்தவர், இப்போது பிறர்க்குத் துணையாகும் இடத்தை மனமுவந்து ஏற்றார். எதிரணியின் சிறந்த ஆட்டக்காரரைத் தடுக்கும் பாரத்தைத் தாம் வாங்கிக்கொண்டார். அது கைதட்டல் குறைந்த வேலை. 2008-09 பருவத்தில் 82 ஆட்டங்களும் ஆடினார். இருபத்திரண்டு வயதில் தொடங்கிய தொழில்வாழ்வில் ஒருமுறையேனும் எய்தாத அந்நிறைவை முப்பத்தாறாவது வயதில் எய்தினார். 2010-இல்தான், தம் தொழில்வாழ்வில் முதன்முறையாக, இறுதிச் சுற்றின் முதற்கட்டத்தைத் தாண்டிய அணியில் இருந்தார்; லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ் அணியிடம் மேற்குப் பகுதியின் இறுதியில் தோற்றனர். என்.பி.ஏ. முதன்மைக் கோப்பை இவர் கைக்கு எட்டவேயில்லை.

2013-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில், நாற்பது வயதில், ஓய்வு பெற்றார். மொத்தம் 1,026 ஆட்டங்கள், 17,137 புள்ளிகள். நல்லொழுக்கத்துடன் ஆடுவோர்க்குரிய விருது மூன்று முறை. 2018-இல், கூடைப்பந்து பிறந்த அதே ஸ்பிரிங்பீல்டிலுள்ள புகழ்மன்றத்தில் இவர் பெயர் பொறிக்கப்பட்டது. பின்னர் அமெரிக்க ஆடவர் தேசிய அணியை அமைக்கும் பொறுப்பு இவரிடம் ஒப்படைக்கப்பட்டு, 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் அவ்வணி தங்கம் வென்றது. சிட்னிக்குச் செல்ல முடியாமற் போன கால், இருபத்துநான்கு வருஷம் கழித்துப் பாரிஸ் களத்தின் ஓரத்தில் நின்றது.

நிற்க. இச்சரித்திரத்தை எடுத்துக்கொண்டதன் காரணத்தை இப்போது சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

நம் காரியாலயத்து அலமாரியில் ஒரு வெள்ளிக் கோப்பை இருப்பதை யாவரும் பார்த்திருப்பீர்கள். ஜில்லாப் போட்டியில் நம் வாலிபர் பெற்றது. இறுதி ஆட்டத்தின் நடுவில் நம் அணிப் பையன் ஒருவனுக்குக் கால் மடிந்தது. ஓரத்திற்கு வந்தான். கணுக்கால் என் கண்ணெதிரே வீங்கிற்று. “ஐயா, ஊன்ற முடியவில்லை” என்றான். நான் துணியை இறுக்கிச் சுற்றி, “இன்னும் எட்டு நிமிஷந்தானே தம்பி, நம் பெயரைக் காப்பாற்று” என்றேன். அவன் மறுவார்த்தை பேசாது எழுந்து போனான். ஜெயித்தோம். அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவெல்லாம் சுற்றினோம்; அவன் அழுததை ஆனந்தக் கண்ணீரென்று எண்ணிக்கொண்டோம். கட்டுப் போட்டால் சரியாகிவிடுமென்று பத்து நாள் கழித்தோம்; அதற்குப் பின்னரே எக்ஸ்ரே எடுக்கப்பட்டது. எலும்பு கோணலாய்க் கூடிவிட்டது. போலீஸ் உத்தியோகத்திற்குச் செல்ல வேண்டுமென்பது அவன் நெடுநாள் ஆசை. எழுத்துப் பரீட்சையில் தேறினான்; ஓட்டத்தில் தேறவில்லை. இன்று அவர் நல்ல நிலையில் வியாபாரம் செய்கிறார். என்னைக் காணும்போதெல்லாம் மரியாதையோடு எழுந்து நிற்கிறார். எழும்போது ஒரு கையை மேசையில் ஊன்றிக்கொள்ளுகிறார். இத்தனை வருஷத்தில் என்னை ஒரு சொல் சொன்னாரில்லை. ஆகவே நானே சொல்லிக்கொள்ளுகிறேன்: அன்று அவனை நிறுத்தியிருக்க வேண்டியவன் நான்.

ஹில் போன்ற பெருவீரர்க்கு நாட்டின் தலைசிறந்த வைத்தியர் இருந்தனர். செலவுக்குப் பொருள் இருந்தது. ஒரு பருவம் முழுவதும் ஆடாதிருந்தாலும் அடுப்பெரிந்தது. அங்ஙனமிருந்தும் நான்கு பருவம் நஷ்டமாயிற்று. உயிருக்கே ஆபத்து வந்தது. நம் பிள்ளைகளுக்கு என்ன இருக்கிறது? தந்தையின் ஒருநாள் கூலியை நம்பிய வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகளும் நம் அணியில் உண்டு. காயத்தைச் சொன்னால் செலவாகுமே என்று மறைக்கும் பிள்ளைகளும் உண்டு. அவர்களை நிறுத்த வேண்டியது பெரியவர்களாகிய நம் கடன். மானமுள்ள பிள்ளை தானாக நிற்க மாட்டான்.

ஆகவே இச்சபையின் முன் இரண்டு விண்ணப்பங்கள் வைக்கிறேன். ஒன்று, நம் சங்கத்தின் பேரால் நடக்கும் எப்பந்தயத்திலும், காயமுற்றவன் வைத்தியர் சொல்லின்றி அன்று மீண்டும் களமிறங்கலாகாது என்று விதி ஏற்படுத்துதல். அவ்விதியைத் தளர்த்தும்படி அணித்தலைவரோ, பழக்குபவரோ, பெற்றோரோ கேட்கலாகாது. மற்றொன்று, விளையாட்டு நிதியினின்று ஒரு பகுதியை ஒதுக்கி, காயமுற்ற பிள்ளைக்கு அன்றே எக்ஸ்ரேயும் வைத்தியமும் சங்கச் செலவில் செய்வித்தல். கோப்பைக்குச் செலவிடும் பணத்தில் பாதி போதும்.

வாலிபர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. வலியைப் பொறுத்தல் வீரமே. வலியை மறைத்தல் வீரமன்று. அமர்ந்திருக்க வேண்டிய காலத்தில் அமர்ந்திருக்கவும் துணிவு வேண்டும். திரும்பி வரும்போது பழைய இடம் கிட்டாவிடின், கிட்டிய இடத்தில் நின்று முழு மனத்தோடு உழைக்க அதனினும் பெரிய துணிவு வேண்டும். 82 ஆட்டங்களும் ஆடி முடித்த அந்த முப்பத்தாறு வயது மனிதரை, தெருவில் ஊர்வலம் சுற்றிய எங்கள் கூட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன். வெட்கமாயிருக்கிறது.

 விண்ணப்பங்களைச் சபையோர் ஏற்று, இன்றே தீர்மானமாக நிறைவேற்றித் தருமாறு பிரார்த்தித்து அமர்கிறேன்.